பின்வளவு வீடும் ஒரு மீற்றர் வழியும்

ஒரே வளவுக்குள் இரண்டாவது வீடு என்பது யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றுக்குப் புதிய செய்தியன்று. மூத்த மகளுக்குப் பெரிய வீடு சீதனமாக எழுதப்பட்டபின், அதே வளவின் பின்பக்கத்தில் இரண்டறையும் ஒரு விறாந்தையுமாகச் சிறு வீடொன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிய பெற்றோர் எத்தனையோ பேர். கிணறு பொது, படலை பொது, குசினி மட்டும் வேறு. பேரப்பிள்ளைகள் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்தனர். பிரதேச சபையின் அனுமதி என்பது அங்கு பல சமயம் வீடு எழும்பிய பின்னரே நினைவுக்கு வரும். அயலவன் வேலியை அரை முழம் தள்ளிப் போட்டால்தான் சட்டம் தேவைப்பட்டது.

கனடாவுக்கு வந்த அதே குடும்பங்கள் இந்த மண்ணில் அப்படியொரு வீட்டை நினைத்தும் பார்க்க முடியாதிருந்த காலம் நெடியது. ரொறன்ரோவின் பெரும்பகுதியில் ஒரு காணிக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்பதே வலயச் சட்டத்தின் அடிப்படையாக இருந்தது. 1994 இல் ஒன்ராறியோ அரசு இரண்டாவது குடியிருப்பு அலகை அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1995 இல் ஆட்சி மாறியதும் அது திருப்பி எடுக்கப்பட்டது. ஒன்றிணைக்கப்பட்ட ரொறன்ரோ மாநகரசபை 1999 இல் நிலக்கீழ்த் தளக் குடியிருப்பு உள்ளிட்ட இரண்டாவது அலகுகளை நகர் முழுவதும் அனுமதிக்க முடிவு செய்து, எதிர்ப்புகளைக் கடந்து அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பின்வளவில் தனியே நிற்கும் வீட்டுக்கு மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2018 யூனில் பழைய ரொறன்ரோவிலும் கிழக்கு யோர்க்கிலும் ஒழுங்கை வீடுகளுக்கு மாநகரசபை வழிவிட்டது. 2019 இல் அது நகர் முழுவதற்கும் விரிந்தது. ஒழுங்கை இல்லாத காணிகளுக்கான தோட்ட வீடுகள் 2022 பெப்ரவரியில் அனுமதிக்கப்பட்டன. சில குடியிருப்பாளர் சங்கங்கள் அதனை எதிர்த்து மாகாணக் காணித் தீர்ப்பாயத்துக்குச் சென்றபோதும், அதே ஆண்டு யூலையில் அந்த மேன்முறையீடு தள்ளுபடியானது.

ஆகவே சட்டக் கதவு திறந்தே இருக்கின்றது. அக்கதவால் எவர் உள்ளே போகின்றனர், எவர் வெளியே தள்ளப்படுகின்றனர் என்பதைப் பார்ப்பதற்கு இந்நகரில் பார்க்டேலை விடப் பொருத்தமான இடம் வேறில்லை.

1879 இல் தனிக் கிராமமாகவும் பின்னர் சிறு பட்டணமாகவும் இருந்து, 1889 இல் ரொறன்ரோவோடு இணைந்த பகுதி பார்க்டேல். ஏரிக்கரையை நோக்கிய பெரிய செங்கல் வீடுகளும் நீண்ட காணிகளும் பின்புற ஒழுங்கைகளும் அக்காலத்தின் எச்சங்கள். 1950களில் கார்டினர் விரைவுப்பாதை குறுக்கே விழுந்து பார்க்டேலை ஏரியிலிருந்து பிரித்தது. ஜேம்சன் அவெனியூவில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. பெரிய வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்களும், வேலை தேடி வந்தவர்களும், அகதிகளாக வந்தவர்களும் அவ்வறைகளில் தங்கினர். திபெத்தியரும் வியட்நாமியரும் பிலிப்பீனோக்களும் தமிழரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய இடம் அது. 1983 இற்குப் பின்னர் வந்து, பிறகு ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீடு வாங்கிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் முதல் கனடிய முகவரி இங்குதான் இருந்தது. அந்த முகவரியில் குளியலறை பொதுவாக இருந்ததை இன்று பிள்ளைகளுக்குச் சொல்லப் பெற்றோர் தயங்குகின்றனர். தயங்க வேண்டியதில்லை.

அந்த அறைகள் இப்போது குறைந்து வருகின்றன. பார்க்டேல் அயலகக் காணி அறக்கட்டளை 2017 இல் வெளியிட்ட ஆய்வு, அப்பகுதியில் 198 அறைவாடகை வீடுகளைக் கணக்கெடுத்தது. முந்திய பத்தாண்டில் 28 வீடுகள் இல்லாமற் போனதையும், மேலும் 59 வீடுகள் அபாயத்தில் இருப்பதையும் அது பதிவு செய்தது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: வீடு விற்கப்படுகின்றது, வாங்கியவர் அறைகளை உடைத்து மீண்டும் ஒற்றைக் குடும்ப வீடாக்குகின்றார், பத்துப் பதினைந்து பேர் வாழ்ந்த கூரையின் கீழ் மூன்று பேர் வாழ்கின்றனர், பின்புறத்தில் அழகான ஒழுங்கை வீடொன்று எழுகின்றது. கணக்கில் ஓர் அலகு கூடியதாகவே தெரியும். போனவர்களின் கணக்கு எந்த அனுமதிப் படிவத்திலும் இல்லை.

இதனால் பின்வளவு வீடே வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறாகும். வயதான பெற்றோரை அருகில் வைத்திருக்க விரும்பும் குடும்பத்துக்கும், இந்நகரில் வீடு வாங்கும் நம்பிக்கையை இழந்துவிட்ட பிள்ளைக்கும் இதனை விட நியாயமான ஏற்பாடு குறைவு. நிலக்கீழ்த் தளத்தின் செங்குத்துப் படிகளில் முழங்கால் நோவோடு ஏறி இறங்கும் தாய்மாருக்கு, தரை மட்டத்தில் வாசலும் யன்னலில் வெயிலும் உள்ள ஓர் அறை பெரும் விடயம். எதைக் கட்டுவது, எப்படிக் கட்டுவது, எவருக்குக் கொடுப்பது என்பவைதான் கேள்விகள்.

எப்படிக் கட்டுவது என்பதில் பெரும்பாலானோர் தவறான இடத்திலிருந்து தொடங்குகின்றனர். படம் வரைபவரிடம் முதலில் ஓடுகின்றனர். சமையலறை எங்கே, சாமியறை எங்கே என்று பேசுகின்றனர். ஆனால் பார்க்டேல் போன்ற பழைய பகுதிகளில் ஒரு திட்டம் வாழுமா சாகுமா என்பதைத் தீர்மானிப்பது வீட்டுப் பக்கத்திலுள்ள ஒடுங்கிய நடைவழியே. தீயணைப்பு வீரர் தெருவிலிருந்து பின்வளவு வீட்டு வாசலை அடைவதற்குத் தடையற்ற வழி இருக்க வேண்டும்: அகலம் குறைந்தது 1 மீற்றர், உயரம் 2.1 மீற்றர். தெருவிலிருந்து வாசல் வரையான தூரம் வழமையாக 45 மீற்றருக்குள் அமைய வேண்டும்; கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தால் இதில் தளர்வுக்கு இடமுண்டு. தீயணைப்பு நீர்க்குழாயும் அருகில் இருக்க வேண்டும். பின்னால் ஒழுங்கை இருக்கின்றதே என்று சிலர் எண்ணுவர். பெரும்பாலான ஒழுங்கைகளுக்குள் தீயணைப்பு வாகனம் நுழையாது என்பதால் அது போதாது. பார்க்டேலின் இரட்டை வீடுகளுக்கும் தொடர் வீடுகளுக்கும் இடையே எண்பது சதமமீற்றர் வழியே எஞ்சியிருக்கும். அதற்குள்ளும் வாயுமானியும் குளிரூட்டிப் பெட்டியும் நீட்டிக்கொண்டிருக்கும். பல்லாயிரம் டொலர் கொடுத்துப் படம் வரைந்தபின் இதனை அறிவதை விட, ஒரு சனிக்கிழமை காலை பல்கலைக்கழகம் போகும் மகனோ மகளோ அளவுநாடாவோடு இறங்கி அளந்துவிடுவது மேல்.

வழி போதாதபோது அயலவரின் காணியிலும் சேர்த்து வழி விடும் உடன்படிக்கை செய்துகொள்ள இயலும். அது வாய்ப் பேச்சாக இருந்தால் செல்லாது. சட்டத்தரணி மூலம் எழுதப்பட்டுக் காணி உறுதியில் பதியப்பட வேண்டும். இங்கேதான் ஊரின் வேலிக் கதை திரும்பி வருகின்றது. பத்து ஆண்டுகளாக அயலவரோடு ஒரு வணக்கமும் சொல்லாதிருந்துவிட்டு, ஒரு நாள் கையொப்பம் கேட்டு நின்றால் எவர் இடுவர்?

அடுத்த தடை மரம். தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சதமமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட விட்டமுள்ள மரத்தை, அது சொந்தக் காணியில் நின்றாலும், அனுமதியின்றி வெட்டவோ வேரைச் சிதைக்கவோ ரொறன்ரோவில் முடியாது. அயலவர் காணி மரத்தின் வேர் எல்லை தாண்டி வந்திருந்தாலும் இவ்விதி பொருந்தும். முதலில் மரத்தை வெட்டிவிட்டுப் பின்னர் விண்ணப்பிக்கலாம் என்று ஆலோசனை சொல்லும் ஒப்பந்தக்காரர் எவரும் நல்லவரல்லர்.

அளவு விதிகள் ஒப்பீட்டளவில் எளியவை. தோட்ட வீட்டின் தரைப்பரப்பு 60 சதுர மீற்றரைத் தாண்டாமல், உயரத்துக்கேற்ப முன்வீட்டிலிருந்து இடைவெளி விட்டு அமைய வேண்டும் என்பதே ரொறன்ரோவின் 2022 விதிகளின் சாரம். 2024 நவம்பரில் மாகாண அரசு இடைவெளி, சாய்கோணம், காணிப் பரப்பு வீதம் ஆகியவற்றில் மாநகரசபைகள் விதிக்கக்கூடிய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. எனவே 2022 இலோ 2023 இலோ முடியாது என்று கைவிடப்பட்ட திட்டத்தை மீண்டும் எடுத்துப் பார்ப்பதில் பயனுண்டு. விதிகளுக்குள் அடங்கும் திட்டத்துக்கு நேரடியாகக் கட்டட அனுமதி கோரலாம். அடங்காவிடின் சீராக்கக் குழுவிடம் சிறு விலக்குக் கேட்க வேண்டும். அங்கே பொது விசாரணை நடைபெறும். அயலவர் எதிர்த்தும் பேசலாம், ஆதரித்தும் பேசலாம்.

அனுமதியே இல்லாமல் கட்டிவிடும் பழக்கம் தமிழரிடையே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. கராஜுக்குள் கட்டில் போட்டவர்களும், நிலக்கீழ்த் தளத்தில் இரண்டாவது வெளிவழி இல்லாமல் அறைகள் பிரித்து மாணவர்களைக் குடியமர்த்தியவர்களும் உள்ளனர். ஒன்ராறியோ கட்டட விதிச் சட்டத்தின் கீழ் தனிநபருக்கு முதற் குற்றத்திற்கே 50,000 டொலர் வரை தண்டம் விதிக்கலாம். தண்டம் சிறிய விடயம். தீ பிடித்தால் அலாரங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்படாத வீட்டில் கீழே உறங்குபவருக்குச் செய்தி கிடைப்பதில்லை. காப்புறுதி நிறுவனமும் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. மலிவாகக் கிடைத்ததே என்று அந்த அறையில் படுப்பவர் பெரும்பாலும் புதிதாக வந்த இன்னொரு தமிழ் இளைஞர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

பணத்தைப் பொறுத்தவரை, அறுபத்தைந்து வயதைக் கடந்த பெற்றோருக்காகவோ மாற்றுத்திறன் கொண்ட உறவினருக்காகவோ தனி அலகு கட்டும் குடும்பத்துக்கு, 2023 முதல் சமஷ்டி அரசின் பல்தலைமுறை வீட்டுப் புனரமைப்பு வரிச்சலுகை உண்டு. 50,000 டொலர் வரையான செலவு கணக்கிலெடுக்கப்படும். அறிமுகமானபோது அதன் 15 வீதம், அதாவது ஆகக் கூடியது 7,500 டொலர், திரும்பக் கிடைத்தது. பல இலட்சம் டொலர் செலவாகும் கட்டடத்துக்கு இது சிறு துளியே. அனுமதிப்பத்திரமும் பற்றுச்சீட்டும் இல்லாதவர் அத்துளியையும் இழப்பார். வீட்டு அடமானத்தைப் பெருப்பித்துக் கட்டுபவர்கள், வாடகை வருமானம் ஒரு மாதம் கூட நிற்காது என்ற கணக்கில் கையெழுத்திடுவது ஆபத்தானது.

வாடகை பற்றிச் சொல்லியே ஆக வேண்டிய ஒன்றுண்டு. 2018 நவம்பர் 15 இற்குப் பின்னர் முதன்முதலாகக் குடியமர்த்தப்பட்ட அலகுகளுக்கு ஒன்ராறியோவின் வருடாந்த வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. புதிய பின்வளவு வீடுகளும் இதற்குள் அடங்கும். உரிய அறிவித்தலோடு உரிமையாளர் ஆண்டுக்கொருமுறை விரும்பிய அளவு வாடகையை உயர்த்தலாம். 2017 கோடையில் பார்க்டேலின் மாடிக் குடியிருப்புகளில் நூற்றுக்கணக்கானோர், வரம்பை மீறிய வாடகை உயர்வுக்கு எதிராக வாடகை கொடாப் போராட்டம் நடத்தினர். மே மாதம் தொடங்கிய அப்போராட்டம் ஓகஸ்டில் இணக்கத்தில் முடிந்தது. அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு வரம்பாவது சட்டத்தில் இருந்தது. தோட்ட வீட்டில் தனியே குடியிருப்பவருக்கு அதுவும் இல்லை. பக்கத்துக் கதவைத் தட்டிச் சேர்த்துக்கொள்ள அயல் வாடகையாளரும் இல்லை. ஆகவே பெற்றோருக்காகக் கட்டி, அவர்களின் காலத்துக்குப் பின் வாடகைக்கு விடப்போகும் குடும்பங்கள் இப்போதே நியாயமான உயர்வு வீதத்தை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது தகும். வாடகைக்குப் போகும் இளைஞரும் அதனைக் கேட்டுப் பெற வேண்டும்.

பார்க்டேல் வேறு வழியையும் காட்டியிருக்கின்றது. அதே காணி அறக்கட்டளை 2017 இல் மில்கி வே என்னும் ஒழுங்கையோரம், குடியேறிகள் பயிரிட்டு வந்த தோட்டக் காணியை வாங்கியது. 2019 இல் மெய்நார்ட் அவெனியூவில் 15 அலகுகளைக் கொண்ட அறைவாடகை வீடொன்றை மாநகர நிதியின் துணையோடு வாங்கி, குறைந்த வாடகையில் நிலைநிறுத்தியது. அயலவர்கள் கூடிச் செய்த காரியம் இது. கோயில்களுக்கும் மண்டபங்களுக்கும் காணி வாங்கத் தெரிந்த தமிழ்ச் சமூகத்துக்கு இத்தகைய முயற்சி எட்டாததன்று. இந்நகரில் ஸ்காபரோ, வட யோர்க், கிழக்கு யோர்க் பகுதிகளில் அறைவாடகை வீடு சட்டபூர்வமானதே 2024 மார்ச் 31 முதற்றான். அதற்கு முன் அங்கே அறை எடுத்துத் தங்கிய தமிழர், முறைப்பாடு செய்தால் வீடே பூட்டப்படும் என்ற அச்சத்தில் வாய் திறவாதிருந்தனர்.

உரிமம் பெற்ற அறைவாடகை வீடுகள், தோட்ட வீடுகள், மரங்கள், தீயணைப்பு வழி ஆகியவை பற்றிய மாநகரக் குழுக் கூட்டங்களில் பொதுமக்கள் பெயர் பதிந்து சில நிமிடங்கள் பேச முடியும். வீட்டுரிமையாளர் சங்கங்கள் தவறாது வருகின்றன. தமிழ்ப் பெயர்கள் அப்பட்டியலில் அருமையாகவே காணப்படுகின்றன. ஆங்கிலம் தடையெனக் கருதும் பெற்றோரோடு பிள்ளைகள் சென்று பேசலாம், கடிதமாகவும் அனுப்பலாம். ஸ்காபரோ நகர மண்டபத்துக்கு அருகே வாழும் தமிழ் அமைப்புகள், அனுமதி பெறும் படிமுறையைத் தமிழில் எளிய கையேடாக எழுதி, கோயில்களிலும் நூலகங்களிலும் முதியோர் ஒன்றுகூடல்களிலும் கொடுப்பதற்கு இக்கோடைக்கு முன்னரே ஆவன செய்ய வேண்டும். அதன் முதற்பக்கத்தில் வீட்டுப் படம் வேண்டாம். பக்கவழியை எங்கிருந்து எங்கு வரை அளப்பது என்ற வரைபடம் போதும்.