நீரின்றி நீர்மலையா?

தமிழ்நாட்டின் இயற்கைக் காட்சிகளைப் பற்றிப் பேசும் நம்மவர், மலையென்றால் உதகையையும் கோடைக்கானலையும் கூறுவர். கடலென்றால் மாமல்லபுரத்தையும் கன்னியாகுமரியையும் சுட்டுவர். அவற்றின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், தலைநகரின் வாயிலிலே, பல்லாவரத்துக்கு மேற்கே நிற்கும் திருநீர்மலையை எத்தனை பேர் நினைக்கின்றனர்?

நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று இது. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்தில் விளங்குகிறார். மலைமீது நரசிம்மர் இருந்த கோலமும், அரங்கநாதர் கிடந்த கோலமும், உலகளந்தார் நடந்த கோலமும் காணலாம். திருமங்கையாழ்வார் இங்கு வந்தபோது வெள்ளம் மலையைச் சூழ்ந்திருந்ததாகவும், அது வடியும்வரை ஆறு மாதம் அவர் காத்திருந்ததாகவும் வைணவ மரபு கூறும். இத்தலத்தின் பெயரே நீரால் அமைந்தது. அழகும் நீரால் அமைந்ததே.

அந்த நீரின் இன்றைய நிலை என்ன? மழைநீருக்கென்று முன்னோர் வகுத்த ஏரியில் குடியிருப்புகளின் சாக்கடையும் கலக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்ட கதையும் நெடுநாளையது. ஏரிக்கு ஏரி தொடுத்து, மிகுநீரை அடையாற்றில் சேர்க்கும் கால்வாய்கள் தூர்ந்தால் விளைவது யாது? 2015ஆம் ஆண்டு டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. 2019இல் சென்னை மாநகரம் குடிநீருக்குக் குடம் ஏந்தி நின்றது. பெய்த நீரைப் பேணத் தெரியாத நாட்டுக்கு மழையும் துன்பம், மழையின்மையும் துன்பம்.

காட்சிக்கு அழகு செய்வதாகக் கூறிப் பூங்காவும் படகுத்துறையும் வண்ண விளக்கும் அமைப்பதே இக்கால வழக்கமாகிவிட்டது. சாக்கடையின் மேல் படகு விட்டுப் பயன் என்ன? இதே செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலைப் பாருங்கள். அங்குள்ள குடியானவர்கள் யாருடைய விளம்பரத்துக்காகவும் ஏரியைக் காக்கவில்லை. பறவைகளின் எச்சம் கலந்த நீர் தம் வயலுக்கு உரமாவதை அறிந்து, தலைமுறை தலைமுறையாக ஏரியையும் பறவையையும் காத்தனர். இன்று அவற்றைக் காண உலகமே அவ்வூருக்கு வருகிறது. 2022இல் அது ராம்சார் ஈரநிலங்களின் வரிசையிலும் இடம்பெற்றது. நீரைக் காத்த ஊருக்குக் காட்சி தானே வந்து சேர்ந்தது!

2021இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது திருநீர்மலைப் பேரூராட்சியும் அதில் இணைந்தது. ஊர் நகரமானால் பொறுப்பும் பெருகவேண்டும். ஏரியின் எல்லையை அளந்து கல் நாட்டுக. அதில் ஒரு துளிச் சாக்கடையும் புகாது தடுத்திடுக. போக்குக் கால்வாய்களை மழைக்காலத்துக்கு முன்பே தூர்வாருக. இவற்றை முடித்தபின் பூங்காவைப் பற்றிப் பேசலாம். மாநகராட்சியும் நீர்வளத் துறையும் சுற்றுலாத் துறையும் ஒன்றன்மேல் ஒன்று பழிபோடாமல் இப்பணியை ஏற்க வேண்டுமென வற்புறுத்துகிறோம்.

சர்க்காரை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட முடியாது. திருமணத்துக்கும் தரிசனத்துக்கும் மலைக்கு வருவோர் குப்பையை அங்கேயே விட்டுச் செல்வதும் குற்றமே. நாட்டுப்பற்று என்பது மேடைப் பேச்சன்று. தன் ஊர் ஏரியைக் காப்பதும் நாட்டுப்பற்றே. நீர்மலையின் பெயர் பொய்யாகாமல் காப்பது நம் கடன்.