டென்னிஸ் ஆடாதவர்களின் முழங்கை

2004ஆம் ஆண்டில் நாடே ஒரு முழங்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. சச்சின் டெண்டுல்கருக்கு ‘டென்னிஸ் எல்போ’. ஆஸ்திரேலிய அணி இங்கே வந்து ஆடிய தொடரின் முதல் இரண்டு டெஸ்டுகளில் அவர் ஆடவில்லை. மறு ஆண்டு மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை நடந்தது. அவருடைய மட்டை எவ்வளவு கனம், கனத்தைக் குறைத்தால் வலி குறையுமா என்று டீக்கடைகளில்கூட அலசினார்கள். நம்மில் பலர் அந்த நோயின் பெயரைக் கேள்விப்பட்டதே அப்போதுதான்.

அவருக்கு வலித்தது உண்மை, ஓய்வு கிடைத்ததும் நியாயம். அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அதே ஆண்டில் அதே இடத்தில் அதே வலியோடு துணி பிழிந்துகொண்டிருந்த பெண்களிடம், நனைந்த ஜமுக்காளம் எவ்வளவு கனம் என்று ஒருவரும் கேட்கவில்லையே என்பதுதான் என் புகார்.

முழங்கையின் வெளிப்பக்கம் ஓர் எலும்பு முனை துருத்திக்கொண்டிருக்கும், தொட்டுப் பாருங்கள். மணிக்கட்டைப் பின்னோக்கி நிமிர்த்தும் தசைகளின் நாண் அங்கேதான் வந்து ஒட்டுகிறது. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதும், முறுக்கும்போதும், உள்ளங்கை கீழே பார்க்கத் தூக்கும்போதும் அது இழுபடுகிறது. திரும்பத் திரும்ப இழுபட்டால் நைந்துபோகிறது. முப்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில் இது அதிகம் வரும். 1873இல் ரங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்தபோது எழுதுகிறவர்களின் கைக்கோளாறைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். பத்து ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் மருத்துவ இதழ் ஒன்றில் புல்வெளி டென்னிஸின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது, அதுவே நிலைத்துவிட்டது. இந்த வலியோடு வருகிறவர்களில் டென்னிஸ் ஆடுகிறவர்கள் மிகச் சிறு பங்குதான் என்பதை மருத்துவப் பாடநூல்களே ஒப்புக்கொள்கின்றன. வேலையின் பெயரை நோய்க்கு வைக்கத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு வலிக்கு ‘சலவைக்காரியின் சுளுக்கு’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. முழங்கையைப் பொறுத்தவரை, சாயங்காலம் பொழுதுபோக்குக்கு ஆடிய கனவான்களின் கை முந்திக்கொண்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. பெயர் டென்னிஸ் என்றிருப்பதால், “நீங்க டென்னிஸ் ஆடுவீங்களாம்மா?” என்ற நகைச்சுவையைப் புறநோயாளிப் பிரிவில் கேட்காத பெண் குறைவு. சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வி: “என்ன வேலை செய்றீங்க?” “வேலையெல்லாம் இல்ல டாக்டர், வீட்லதான் இருக்கேன்.” சீட்டில் ‘ஹவுஸ்வைஃப்’ என்று எழுதப்படும். விசாரணை அங்கே முடிந்துவிடும். பிறகு வயது, எடை, மாதவிடாய் நிற்கப்போகிறதா, கால்சியம் போதுமா என்று எல்லாவற்றையும் அவள் உடம்புக்குள்ளேயே தேடுவார்கள். அந்தக் கை காலையிலிருந்து என்னென்ன செய்தது என்று கேட்பதில்லை. ராமசினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700இல் தொழில்நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் ‘உன் தொழில் என்ன’ என்றும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். அந்த நூலில் துணி வெளுக்கும் பெண்களுக்கும் பிரசவம் பார்க்கும் பெண்களுக்கும் தனித்தனி அத்தியாயம் உண்டு. முன்னூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் கேள்வி ‘ஹவுஸ்வைஃப்’ என்ற சொல்லில் வந்து முட்டி நிற்கிறது.

அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று நாட்டின் கணக்கே சொல்கிறது. 2019இல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம். அந்த வேலையில் கைவைக்கும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அப்படிக் கைவைக்கும் ஆண்களே ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். ஐந்து மணி நேரம் என்பதைக் கையின் கணக்கில் போட்டுப் பாருங்கள். தேங்காய் துருவுவது, சப்பாத்தி மாவு பிசைவது, கொதிக்கும் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து இறக்குவது, மாப் பிழிவது, குடம் தூக்குவது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் தோசை திருப்புவது. இதில் அந்த நாணை இழுக்காத வேலை எது?

உடனே ஒருவர் எழுந்து சொல்வார்: “அந்தக் காலத்துல அம்மியில அரைச்சாங்க, ஆட்டுக்கல்லுல ஆட்டுனாங்க, உரல்ல குத்துனாங்க. அவங்களுக்கு ஒரு வலியும் வரல. மிக்ஸியும் வாஷிங் மெஷினும் வந்ததாலதான் இப்ப இவங்களுக்கு வலி.” குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வாரம் ஒருமுறை வரும் தத்துவம் இது. வலி வரவில்லை என்று இவருக்கு யார் சொன்னது? பாட்டியா சொன்னாள்? பாட்டி நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ராத்திரியில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டது எதற்கு? திண்ணையில் உட்கார்ந்து முழங்கையில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தது அழகுக்கா? அந்த வலியை யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். எழுதாத வலியை இல்லாத வலியாக்கி, அதையே இன்றைய பெண்ணை அடிக்கும் கோலாகவும் ஆக்குகிறார்கள். மெஷின் வந்ததைப் பற்றியும் ஒரு சொல்: அது வந்த வீடுகளில் துவைக்கும் துணியின் எண்ணிக்கை கூடியது, செய்யும் ஆள் மாறவில்லை.

சரி, சிகிச்சைக்கு வருவோம். இந்த நோய்க்கான மருத்துவம் ஒன்றும் ரகசியமல்ல. வலிக்கும் அசைவுகளைச் சில வாரங்கள் குறைக்க வேண்டும். பிறகு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போன்ற சிறு எடையைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல மெல்ல இறக்கும் பயிற்சியால் அந்த நாணைப் பழக்கி, சுமையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடும். எதைத் தூக்குவது, எவ்வளவு தூக்குவது, எப்போது நிறுத்துவது என்று அந்தக் கைக்கு உரியவள் தீர்மானிக்க முடிந்தால் மட்டுமே இந்த மருத்துவம் வேலை செய்யும். “கைக்கு ரெஸ்ட் குடுங்கம்மா” என்று மருத்துவர் அவளிடம் சொல்கிறார். அவளால் கொடுக்க முடியாத ஒன்றை அவளிடமே கேட்கிறார். ரெஸ்ட் கொடுக்க வேண்டியவர்கள் வெளியே பைக்கில் காத்திருக்கிறார்கள்.

அவர்கள் தராத இடத்தை ஊசி நிரப்புகிறது. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இடியாப்பம் பிழிந்து விற்கிறார். விடியற்காலை மூன்றரைக்கு ஆரம்பித்தால் எட்டு மணி வரை இரண்டு கையாலும் குழலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை முழங்கையில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் சில வாரம் சொர்க்கம், பிறகு முன்னைவிட மோசம். அவர் கை மட்டும் இப்படியில்லை. ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வு ஒன்று ஸ்டீராய்டு ஊசியையும் மருந்தில்லாத வெறும் ஊசியையும் ஒப்பிட்டது. ஓராண்டுக்குள் வலி திரும்பியவர்கள் ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 விழுக்காடு, வெறும் ஊசி போட்டவர்களில் 12 விழுக்காடு. இதை அந்த அக்காவிடம் ஒரு மருத்துவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போட்டுக்கொண்டிருப்பேன் என்கிறார். “ஆறு வாரம் கடைய மூடுனா யாரு சோறு போடுவா?” இந்தக் கேள்வி ஊசி போட்ட மருத்துவருக்கு மட்டுமானதல்ல.

முதலாளி இருக்கும் பெண்ணுக்காவது சட்டம் துணை நிற்கிறதா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் முழங்கை நாண் கோளாறு வெளிப்படையாகவே இருக்கிறது: பலம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் வருவது என்று. 2025 வரை நடைமுறையில் இருந்த நம்முடைய 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் புரட்டுங்கள். ஈயம் உண்டு, பாதரசம் உண்டு, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை உண்டு, நுரையீரலில் படியும் தூசு உண்டு. முழங்கை இல்லை. பனியன் கம்பெனியில் பத்து மணி நேரம் கத்தரிக்கோலால் பிசிறு வெட்டுகிறவளின் கை, சட்டத்தின் பார்வையில் வீட்டில் எங்கோ இடித்துக்கொண்ட கை. 2007இல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு நலவாரியம் வந்தது, நல்லது. விபத்தில் கை போனால் வாரியத்துக்குப் புரியும். கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் கையை எந்தப் படிவத்தில் எழுதுவது?

நான் கேட்பது பெரிய விஷயமெல்லாம் இல்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடுகளுக்குப் போகிறார்கள். போக முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. அப்படிப் போகிறவர்கள் அடுப்படிக்குள்ளும் ஒரு எட்டு போகட்டும். மேடை என்ன உயரம், குடத்தை எங்கே வைத்திருக்கிறார்கள், துணியை யார் பிழிகிறார்கள் என்று பார்க்கட்டும். (அந்தத் திட்டத்தில் வீடுவீடாகப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தன்னார்வலர்களும் பெண்கள்தான். அவர்கள் தோளையும் யாராவது பார்த்தால் தேவலை.) மருத்துவர்கள் ‘ஹவுஸ்வைஃப்’ என்று எழுதிய கையோடு, என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று இன்னும் இரண்டு வரி எழுதட்டும். ‘ரெஸ்ட்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், ஆறு வாரத்துக்குத் துணி பிழியக் கூடாது, மாவு பிசையக் கூடாது, குக்கர் தூக்கக் கூடாது என்று தமிழில் சீட்டில் எழுதட்டும். எழுதிவிட்டு, வெளியே பைக்கில் உட்கார்ந்திருப்பவரை உள்ளே கூப்பிட்டு அந்தச் சீட்டை அவர் கையில் கொடுக்கட்டும்.