கூட்டாஞ்சோறும் கட்டுச்சோறும்

சிறு வயதில் காவிரி மணலில் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடாதவர் நம்மில் எத்தனை பேர்? ஒருத்தி அரிசி கொண்டு வருவாள், ஒருவன் பருப்பு, இன்னொருவன் அம்மாவுக்குத் தெரியாமல் கொஞ்சம் புளி. எல்லாம் ஒரே பானையில் விழும். வெந்தபின் எது யாருடைய அரிசி என்று பிரிக்க முடியாது. அதே பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்கு வந்ததும், ஒரே மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் கட்டுச்சோற்றை அவரவரே உண்டுவிட்டு எழுந்து போகிறோம். அதற்கும் ‘சேர்ந்து சாப்பிட்டோம்’ என்றுதான் பெயர். நம்மிடையே ‘குழு ஒப்படைப்பு’ என்ற பெயரில் நடப்பது இந்த இரண்டாம் வகை விருந்துதான் என்பது என் கருத்து. கையில் இணையமும் அதன் கருவிகளும் வந்த பிறகும் அப்படியே இருக்கிறோம் என்பதுதான் வருத்தம்.

வகுப்புக்கு வெளியே கூடி வேலை செய்வது அரசுக் கல்லூரி மாணவர்க்கு எளிதன்று. மணியடித்ததும் ஒருவர் என்.எஸ்.பி. சாலை ஜவுளிக்கடை வேலைக்கு ஓடுகிறார். இன்னொருவர் சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் வண்டியைத் தவறவிட்டால் வீடு சேர இருட்டிவிடும். காலை ஷிப்டு மாணவர் கல்லூரியை விட்டு வெளியேறும் நேரத்தில்தான் மாலை ஷிப்டு மாணவர் உள்ளே வருகிறார். இப்படிப்பட்டவர்க்கு, ஆறு பேரும் ஆறு ஊரிலிருந்து ஒரே தாளில் எழுதக்கூடிய கூகுள் டாக்ஸ் போன்ற ஏற்பாடு ஒரு வரப்பிரசாதம் அல்லவா? முசிறியில் ஒருவர் எழுதும் வரி அந்நொடியே மணப்பாறையில் இருப்பவர் கண்ணில் படுகிறது. இணைப்பு அறுந்துபோனாலும், முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டால் பேருந்தில் எழுதியதைப் பிறகு சேர்த்துக்கொள்ளும். யார் எந்த வரியை எப்போது சேர்த்தார், யார் எதை நீக்கினார் என்பதற்கும் அதில் வரலாறு உண்டு.

இத்தனை வசதியோடு நாங்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

சென்ற ஆண்டு எங்கள் ஆறு பேர் குழுவுக்குக் கிடைத்த பொருள் உய்யக்கொண்டான் வாய்க்கால். சோழர் காலத்தது, இராசராசன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது, பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, உய்யக்கொண்டான் திருமலை, புத்தூர், பாலக்கரை, அரியமங்கலம் வழியாக வாழவந்தான்கோட்டை வரை சுமார் 70 கிலோமீட்டர் ஓடுவது. எங்கள் குழுவில் நால்வர் அதன் கரையோரத்துப் பிள்ளைகள். அவரவர் ஊர்ப்பகுதியை அவரவர் எழுதுவது என்று முடிவாயிற்று. ஸ்ரீரங்கத்து நண்பனுக்கு மட்டும் கரை இல்லை. ஆகவே அவனுக்கு முன்னுரை. மீதி ஒருவருக்கு முடிவுரை. கூட்டு ஏடு திறந்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் தொடங்கினோம். அதில் பதினைந்து நாட்களுக்கு ‘சரி’ என்பதும் கட்டைவிரலுமே வந்துகொண்டிருந்தன.

ஒப்படைத்த மூன்றாம் நாள் பேராசிரியர் எங்களை அழைத்தார். இரண்டாம் பக்கத்தில் வாய்க்கால் பேட்டைவாய்த்தலையில் பிரிகிறது. ஒன்பதாம் பக்கத்தில் அதே வாய்க்கால் முக்கொம்பில் பிரிகிறது. “ஆறு பேரில் ஒருவராவது மற்றவர் எழுதியதைப் படித்தீர்களா?” என்று கேட்டார். முக்கொம்புக்கு மேற்கே இருக்கிறது பேட்டைவாய்த்தலை. வாய்க்கால் பிரிந்த பிறகுதான் காவிரி முக்கொம்பையே அடைகிறது. கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியாதா? தெரியும். நானே ஒன்பதாம் பக்கத்தைப் படித்தேன். பிழை என்றும் கண்டேன். திருத்தவில்லை. எழுதியவள் துறையில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள். அவள் எழுத்தில் நான் கை வைப்பதா? அவளும் என் பக்கத்தில் இரண்டு பிழைகளைப் பார்த்திருக்கிறாள். ‘அவன் என்ன நினைப்பானோ’ என்று விட்டுவிட்டாள். இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டதில் கட்டுரை முழுகிற்று.

எனவேதான் சொல்கிறேன்: நம் குறை கருவி இல்லாத குறையன்று. அரசு 2021-இல் கல்லூரி மாணவர் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி இணைய வசதியைக் கட்டணமின்றித் தந்தது. அன்று அது பெருந்துணை. ஆனால் வகுப்பைக் கேட்க உதவிய அந்த வசதி, பக்கத்து இருக்கைக்காரன் எழுதியதைத் திருத்தும் துணிவைத் தருமா?

அந்தத் துணிவை ஓர் ஒழுங்காகவே வகுத்துக்கொண்டவர்கள் தமிழில் இருக்கிறார்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை நாம் எல்லோரும் அறிவோம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். (ஒப்படைப்புக்கு முந்தைய இரவில் அதன் அருமை நமக்கு இன்னும் நன்றாகத் தெரியும்!) அதன் உடன்பிறப்பான விக்கிமூலத்தைப் பலர் அறியார். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் உட்படப் பழைய அச்சு நூல்களை எழுத்துப் பிழையின்றி இணையத்தில் ஏற்றும் பணி அங்கே நடக்கிறது. ஒரு பக்கத்தை ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் அது மஞ்சள் நிறம் பெறும். மற்றொருவர் மீண்டும் சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முயன்றால் இயந்திரம் இடம் கொடாது. எவ்வளவு பெரிய புலவராயினும் இரண்டாவது கண் வேண்டும். அங்கே திருத்துவது அவமதிப்பன்று, அதுதான் வேலை.

இது நமக்கு அன்னியமான வழக்கமா? ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ள மண்டபத்தைக் கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றிய இடம் என்று இன்றும் காட்டுகிறார்கள். அரங்கேற்றம் என்றால் கைதட்டல் வாங்கும் விழாவன்று. பாடியவர் அவையில் நிற்க, கற்றவர்கள் தடை எழுப்ப, விடை சொல்லித் தேறினால்தான் நூல். கேள்விக்கு உட்படாத நூலை நூலென்றே கருதாத ஊரில் படித்துக்கொண்டு, தோழி எழுதிய ஒரு வரியைத் தொட அஞ்சுகிறோம்.

ஏட்டின் வரலாற்றைப் பார்த்தே மதிப்பெண் போட்டால் சோம்பேறிகள் ஒழிவர் என்று நண்பர் சிலர் வாதிடுகின்றனர். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எங்கள் குழுத் தோழி ஒருத்தியின் வீட்டில் ஒரே கைப்பேசி, அது அண்ணனுடையது. அவன் வேலை முடிந்து இரவு ஒன்பதரைக்கு வந்த பிறகு, அவள் தாளில் எழுதி வைத்ததைப் படம் எடுத்து அனுப்புவாள். நான் தட்டச்சு செய்து ஏட்டில் ஏற்றுவேன். வரலாற்றைப் புரட்டினால் அந்த மூன்று பக்கமும் என் பெயரில் இருக்கும். உழைத்தவள் அவள். மறுபுறம், எங்கிருந்தோ நாலு பக்கம் அள்ளி ஒட்டுகிறவன் கணக்கில் பெரிய உழைப்பாளியாகத் தெரிவான். இயந்திரம் கையைத்தான் பார்க்கும்.

இடையே எழுத்துருத் தொல்லை வேறு. தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்று அறிவித்தது 2010-இல். ஆனால் குழுவில் ஒருவர் மட்டும் அச்சுக் கடையில் பாமினியில் அடித்து வாங்கி வருவார். ஏட்டில் ஒட்டினால் அழகு தமிழ் அத்தனையும் ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கொட்டும். மாற்றித் தரும் வசதி இணையத்திலேயே இருக்கிறது. அதையும் முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும்.

நம் துறைகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. குழு ஒப்படைப்பின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு பெயர் இருக்கட்டும்: எழுதியவர், சரிபார்த்தவர். பிழை இருந்தால் இருவருக்கும் மதிப்பெண் குறையட்டும். இதற்குக் கைப்பேசிகூடக் கட்டாயமில்லை, தாளிலும் செய்யலாம். இணையத்தில் செய்தால், அடித்து எழுதாமல் ‘இப்படி மாற்றலாமே’ என்று பரிந்துரையாக மட்டும் குறித்துவைக்கும் வழி கூகுள் டாக்ஸிலேயே உண்டு. ஏற்பதும் மறுப்பதும் எழுதியவர் கையில். நம்மைப் போன்ற கூச்சக்காரர்க்கென்றே செய்தது போல இருக்கிறது அது! ஆனால் பயன்படுத்துவோர் எத்தனை பேர்?

இவ்வாண்டு எங்களுக்குக் கிடைத்திருக்கும் பொருள் முக்கொம்பு மேலணை. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டத் தொடங்கியதிலிருந்து, 2018 ஆகஸ்டு 22 இரவு கொள்ளிடப் பக்கத்து மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது வரை எழுத வேண்டும். குழு அதே ஆறு பேர்தான். இம்முறை என் பக்கங்களைச் சரிபார்க்கும் பொறுப்பை, பேட்டைவாய்த்தலையை முக்கொம்புக்கு இழுத்து வந்த அதே தோழியிடம் நானே கேட்டு ஒப்படைத்தேன். முதல் மூன்று பக்கத்தில் பதினோரு இடத்தில் பரிந்துரை எழுதியிருக்கிறாள். ஒன்பதை ஏற்றுக்கொண்டேன். மீதி இரண்டில் அவள் சொல்வது தவறு என்று நினைக்கிறேன்; அவளும் விடுவதாக இல்லை. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும், துறையூர் வண்டி புறப்படுவதற்குள், சத்திரம் பேருந்து நிலையத்தில் பேசித் தீர்ப்பதாக இருக்கிறோம்.