பதினோராவது கேள்வி

ஒரு பருவம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை, நண்பர்கள் எட்டுப் பேர் நகருக்கு அருகிலுள்ள டிண்ட்ஸ்ஃபீல்டு மாளிகைக்குப் புதையல் வேட்டைக்குப் போனோம். பத்துக் கேள்விகளையும் எங்களில் இருவரே தயாரித்திருந்தார்கள். வெல்லும் குழுவுக்கு ஒரு டின் பிஸ்கட் பரிசு.

இது நல்ல கற்றல் முறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சும்மா சுற்றிப் பார்த்திருந்தால் நான்கு படம் எடுத்துவிட்டுத் திரும்பியிருப்பேன். கேள்வித்தாள் கையில் இருந்ததால் கல்லில் செதுக்கிய இலைகளையும் பூக்களையும் உற்றுப் பார்த்தோம். ரோஜாத் தோட்டம், காய்கறித் தோட்டம், வீட்டோடு ஒட்டிய தேவாலயம் என எல்லா இடமும் ஓடினோம்.

வில்லியம் கிப்ஸ் 1843இல் இந்த இடத்தை வாங்கி, 1860களில் மாளிகையைப் பெரிதாக்கிக் கட்டினார். 2002 முதல் இது நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் வசம் உள்ளது. கிப்ஸ் பெரிய கொடையாளர். ஆக்ஸ்ஃபோர்டின் கீபிள் கல்லூரித் தேவாலயம் அவர் பணத்தில் எழுந்தது. அதைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது, சரியாக எழுதிவிட்டோம்.

திரும்பும் வழியில்தான் ஒரு தோழி கேட்டாள்: "அவ்வளவு பணம் அவருக்கு எங்கிருந்து வந்தது?" பத்துக் கேள்விகளில் அது இல்லை.

விடையைத் தேடிப் படித்தேன். அது பறவை எச்சத்தில் வந்த பணம். பெரு நாட்டின் சின்சா தீவுகளில் மலையாகக் குவிந்திருந்த கடற்பறவை எச்சத்தை உரமாக விற்கும் ஒப்பந்தத்தை 1842இல் கிப்ஸ் நிறுவனம் பெற்றது. அதைத் தோண்டியவர்களில் கைதிகள் இருந்தார்கள்; அடிமைகள் இருந்தார்கள்; 1849 முதல் கப்பலில் கொண்டுவரப்பட்ட சீன ஒப்பந்தக் கூலிகளும் இருந்தார்கள். மூச்சை அடைக்கும் புழுதியில் வேலை செய்து பலர் அங்கேயே மாண்டார்கள்.

தோண்டும் வேலையை நடத்தியவர்கள் பெருவின் குத்தகைதாரர்கள், கிப்ஸ் நிறுவனம் விற்க மட்டுமே செய்தது என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அந்த உழைப்பு இல்லாமல் விற்பதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

என் கொள்ளுத்தாத்தா மரம் சீவ மலாயாவுக்கு வந்தவர். யாருடைய மாளிகையிலும் அவர் பெயர் இல்லை. சின்சா தீவுகளைப் பற்றிப் படித்த இரவு எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

கிப்ஸின் கொடையை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜாலியாகப் போகும் இடத்தில் எதற்கு இந்தச் சோகம் என்று கேட்பவர்களுக்கும் என் பதில் சுருக்கமானது: ஒரு கேள்வி கூடினால் விளையாட்டு கெடாது.

நம் ஊரிலும் மாணவர் சங்கங்கள் பழைய பங்களாக்களிலும் பாரம்பரியத் தெருக்களிலும் புதையல் வேட்டை நடத்துகின்றன. அடுத்த முறை கேள்வித்தாள் தயாரிக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். யார் கட்டினார், எந்த ஆண்டு, எத்தனை தூண் என்று தாராளமாகக் கேளுங்கள். கடைசியில் இதையும் சேருங்கள்: 'இதைக் கட்டிய பணம் யாருடைய உழைப்பில் வந்தது?' அதிக மதிப்பெண்ணை அதற்கே கொடுங்கள்.