‘தாங்கிக்கொள்’ என்பது பயிற்சி ஆகாது

சென்ற குளிர்காலத்தில், வட இந்திய நகரம் ஒன்றின் துப்பாக்கி சுடுதளத்தில் ஒரு முற்பகலைக் கழித்தேன். பறக்கும் களிமண் தட்டுகளை ஷாட்கன்னால் சுட்டு உடைக்கும் டிராப் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பதினைந்து வயது மதிக்கத்தக்க மாணவி ஒருத்தி, துப்பாக்கி மிகவும் உதைக்கிறது என்று தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயிற்றுநர் கடிந்துகொள்ளவில்லை. ‘பர்தாஷ்த் கரோ, பேட்டா’ என்று கனிவாகவே சொன்னார். தாங்கிக்கொள், மகளே.

கனிவோடு சொல்லப்பட்டாலும் அது தவறான அறிவுரை என்பதே என் கருத்து.

பின்னுதைப்பு என்னும் ஒரே சொல்லில் நாம் இரண்டு பொருள்களைக் கலந்துவிடுகிறோம். ஒன்று, இயற்பியல் சார்ந்தது. தோட்டாவிலிருந்து வெளியேறுபவற்றின் எடையும் வேகமும், துப்பாக்கியின் எடையும் தெரிந்தால் அதைக் கணக்கிட்டுவிடலாம். மற்றொன்று, உடல் உணர்வது. ஒரே துப்பாக்கி, ஒரே 24 கிராம் தோட்டா, ஒருவருக்கு வெறும் அழுத்தமாகவும் இன்னொருவருக்கு அடியாகவும் அமைகிறது. இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மனவுறுதி அன்று. துப்பாக்கிக்கும் உடலுக்கும் உள்ள பொருத்தமே.

தொழிற்சாலையிலிருந்து வரும் துப்பாக்கிகளின் பின்கட்டை, விசையிலிருந்து பொதுவாகப் பதினான்கு அங்குலத்துக்கு மேல் நீண்டிருக்கும். அது வளர்ந்த ஆணின் உடலை மனத்தில் கொண்டு வகுத்த அளவு. குட்டையான கைகளை உடையவர் அதை ஏந்தும்போது, கட்டை தோள்குழியில் அமராமல் புயத்தின் மீது வழுவுகிறது; உடல் பின்னால் சாய்கிறது. தோளுக்கும் கட்டைக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தாலும், துப்பாக்கி அதற்குள் வேகம் பெற்று வந்து மோதுகிறது. கட்டையின் மேல்விளிம்பு தாழ்ந்திருந்தால் கன்னம் அதில் பதியாது. அப்போது கன்னத்துக்கும் அடி உண்டு. போதாக்குறைக்கு, வட இந்தியக் குளிருக்கு அணியும் தடித்த மேலங்கி, ஏற்கெனவே நீண்ட கட்டையை மேலும் நீளமாக்குகிறது.

சிறியவர்களுக்கு எடை குறைந்த துப்பாக்கியைக் கொடுத்தால் போதும் என்பாரும் உண்டு. தோட்டாவை மாற்றாமல் துப்பாக்கியின் எடையை மட்டும் குறைத்தால் உதைப்பு கூடும். தூக்க இயலும் அளவுக்குக் கனமான துப்பாக்கி, ஈயம் குறைந்த தோட்டா, பொருந்தும் கட்டை, முன்காலில் ஊன்றிய நிலை: இவையே உதைப்பைக் குறைப்பவை.

‘பழகிவிடும்’ என்பதும் பாதி உண்மைதான். உடல் பழகுவது பல வேளைகளில் வலிக்கு அன்று, அஞ்சுவதற்கு. சுடுபவர் அறியாதபடி, தோட்டாக்களுக்கிடையே போலித் தோட்டா ஒன்றை இட்டுப் பாருங்கள். விசையை அழுத்தும் கணத்தில் வெடி எழாத போதும் குழல்முனை தாழ்ந்தால், உடல் அடியை எதிர்பார்த்து முன்கூட்டியே துணுக்குறுகிறது என்று பொருள். அது கோழைத்தனம் அன்று. உடல் கற்றுக்கொண்ட பாடம். அந்தப் பாடத்தை அழிப்பது, தொடக்கத்திலேயே கட்டையைத் திருத்துவதைவிடப் பன்மடங்கு கடினம்.

பெண்கள் டிராப் தகுதிச் சுற்று 2018 முதல் 75 தட்டுகளிலிருந்து ஆண்களுக்கு நிகராக 125 தட்டுகளாக உயர்ந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு முறை சுட அனுமதி உண்டு. ஆக, தோள் ஏற்க வேண்டிய உதைகள் 250 வரை செல்லலாம். சமத்துவமான இவ்விதியை வரவேற்கிறேன். ஆனால் கட்டையின் அளவு மட்டும் மாறாதிருந்தால், அந்தச் சமத்துவத்தின் விலையை ஒரு தரப்பின் தோள்களே செலுத்தும்.

வீரர் ஒவ்வொருவருக்கும் தனித் துப்பாக்கி வாங்கப் பணம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பொதுத் துப்பாக்கிகளில் ஒன்றிரண்டின் மரக்கட்டையைத் தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்து ஓர் அங்குலம் குறைக்கலாம். முனையில் ரப்பர் மெத்தை பொருத்தலாம். உயரமானவர்களுக்கு இடைத்தகடு சேர்க்கலாம். அளவு நாடா ஒன்றும் விலை மிகுந்ததன்று.

‘பர்தாஷ்த்’ என்பதன் பாரசீக மூலத்துக்குத் தூக்குதல், ஏந்துதல் என்று பொருள். தமிழின் ‘தாங்கு’ என்பதும் அவ்வாறே: தூண் கூரையைத் தாங்குகிறது, மனிதர் துன்பத்தைத் தாங்குகிறார். முதற்பொருளில் துப்பாக்கியைத் தாங்கக் கற்றுக்கொடுப்பது பயிற்றுநரின் கடமை. அதைச் செய்யாமல் இரண்டாம் பொருளில் ‘தாங்கிக்கொள்’ என்று ஒரு சிறுமியிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை.