பார்வை இழந்த காவல் நாய்

களத்தையும் தோட்டத்தையும் தொழுவத்தையும் இரவெல்லாம் காத்து நிற்கும் நாய்க்குக் குடியானவர் அளிக்கும் கூலி ஒரு கவளம் சோறேயாகும். கண் தெரிகிற வரையில் அக்கூலி அதற்குத் தவறாமல் கிடைக்கின்றது. பார்வை குன்றியதும், இனி அதனால் யாதொரு பயனுமில்லை என்று முடிவுகட்டி, வண்டியில் ஏற்றிச்சென்று அயலூர் எல்லையில் இறக்கிவிட்டு வருவோரும் உளர். இச்செயல் இரக்கமற்றது என்பது ஒருபுறமிருக்க, பெரும்பாலும் அறியாமையால் நேர்வது என்பதும் கவனிக்கத்தக்கது. குணப்படுத்தக்கூடிய நோயைக் குருடென்று கருதுவதும், குருடான நாய் காவலுக்கு உதவாது என்று எண்ணுவதும் ஆகிய இரண்டு தவறான எண்ணங்களே இதற்குக் காரணம்.

கண் மங்கித் தோன்றும் நாய்கள் யாவும் பார்வையற்றவை அல்ல. ஏழு, எட்டு வயதுக்கு மேல் அநேக நாய்களுக்குக் கண்மணி நீலம் பாய்ந்தாற்போல் தோன்றும். இது முதுமையின் இயல்பு. பார்வையை இது அதிகமாகக் கெடுப்பதில்லை. கண்மணி பால்போல் வெளுத்துப்போவதே புரையாகும். ஐயம் தீர ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரு பஞ்சு உருண்டையை நாயின் முன் ஓசையின்றி விழவிட்டால், பார்வையுள்ள நாய் அதனைக் கண்ணால் தொடரும். மங்கலான வெளிச்சத்திலும் இதனைச் செய்து பார்த்தல் நலம். சில நோய்களில் மாலைக்கண்ணே முதலில் தோன்றும்.

வெப்பமான பிரதேசங்களில் நாயின் பார்வையைக் கவரும் முக்கியமான பகைகளுள் உண்ணியும் ஒன்று. பழுப்பு நிறமுள்ள நாய் உண்ணி கடிப்பதால் ஒருவகை நுண்கிருமி இரத்தத்தில் கலக்கின்றது. 1935-ஆம் ஆண்டில் அல்ஜீரியா தேசத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்நோய் தமிழ்நாட்டிலும் காணப்படுகின்றது. காய்ச்சல், உணவில் வெறுப்பு, மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியவற்றோடு, கண்ணின் உட்புறம் வீங்கி, இரத்தம் கசிந்து, பார்வை திடீரென்று மறைவதும் உண்டு. தக்க சமயத்தில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் விதிக்கும் மருந்தைச் சாதாரணமாக நான்கு வாரம் வரையில் இடைவிடாது கொடுத்தால் அநேக நாய்கள் பிழைக்கும். சிலவற்றுக்குப் பார்வையும் மீளும். இரண்டொரு நாளில் நாய் தெளிந்துவிட்டதென்று மருந்தை நிறுத்துவது தவறு. உண்ணி சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுவதால், நாயைச் சுத்தம் செய்வதோடு நில்லாமல், அது படுக்கும் இடத்து வெடிப்புகளையும் பூசி அடைத்தல் வேண்டும். பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை நாயின்மேல் ஊற்றுவது அதன் உயிருக்கே உலையாகும்.

கண் சிவந்து, பெருத்து, கல்போல் இறுகி, நாய் தலையைத் தொடவிடாமல் வேதனைப்பட்டால், அது கண்ணினுள் அழுத்தம் மிகுந்த அறிகுறி. ஒருநாள் தாமதித்தாலும் பார்வை நிலையாகப் போய்விடக்கூடும். மிகுதியாக நீர் குடித்து மெலிந்துவரும் நாய்க்குப் புரை விரைவில் வளர்ந்தால், அது நீரிழிவின் விளைவாக இருக்கலாம். புரையை அறுவை சிகிச்சையால் நீக்கலாம். ஆயினும் கண்ணின் உட்புறம் நன்னிலையில் உள்ளதா என்று முன்னரே சோதித்தல் அவசியம். கண்ணில் உப்பு, சுண்ணாம்பு, புகையிலைச் சாறு முதலியவற்றை இடும் பழக்கமோ, ஆறக்கூடிய புண்ணையும் நிரந்தரக் குருடாக்கிவிடும். மனிதருக்கென வாங்கிய சொட்டுமருந்தை மருத்துவரைக் கேளாது விடுவதும் அவ்வாறே அபாயகரமானது.

சிகிச்சைக்கு அப்பாற்பட்டுப் பார்வை போய்விட்டால் யாது செய்வது? நாய் உலகை அறிவது முக்கியமாக மூக்காலும் காதாலுமே. கண் இழந்த நாய் சில வாரங்களில் வீட்டையும் களத்தையும் மோப்பத்தால் மனத்தில் பதித்துக்கொள்ளும்; அந்நியன் காலடி கேட்டால் முன்போலவே குரைத்து எழுப்பும். ஓடிப்பிடிக்கும் வேலை அதனால் இயலாது. எச்சரிக்கும் வேலை இயலும். அதற்கு வேண்டிய உதவியோ சொற்பம். தண்ணீர்த் தொட்டி, உணவுச் சட்டி, படுக்கை ஆகியவற்றை இடம் மாற்றலாகாது. நடைவழியில் ஏரும் வண்டியும் கிடத்தலாகாது. கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றுக்கு வேலியிடல் வேண்டும். குருட்டு நாய்க்கு அதனினும் பெரிய ஆபத்து வேறில்லை. தொடுமுன் பெயர் சொல்லி அழைக்கக் குழந்தைகளைப் பழக்க வேண்டும். திடுக்கிட்ட நாய் கடிப்பது இயல்பு.

இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை முதலிய நாட்டு இனங்களை வளர்ப்போர் மற்றொன்றும் கருதுதல் வேண்டும். சிலவகைக் கண்நோய்கள் பரம்பரையாக வருவன. இளமையிலேயே காரணமின்றிப் பார்வை மங்கிய நாயை இனவிருத்திக்கு விடாதிருப்பதே குட்டிகளுக்குச் செய்யும் நன்மை.

உணவும் நீருமின்றித் துன்புறும் நிலையில், தக்க காரணமின்றி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அயலூரில் விடப்பட்ட குருட்டு நாய் வண்டிச் சக்கரத்திலோ, பிற நாய்களின் வாயிலோ, கிணற்றிலோ மாளும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துச்சொல்லி, வெறிநோய்த் தடுப்பூசி போடும் நாளிலேயே கண்களையும் காட்டும்படி தூண்டினால், கண்நோய் பலவும் தொடக்கத்திலேயே வெளிப்படும். பத்து வருஷம் இரவு விழித்துக் காத்த பிராணிக்கு, அதன் கண் மூடியபின் ஒரு கவளம் சோறும் மாறாத ஓர் இடமும் அளிப்பது தருமமன்று; பட்ட கடனைத் தீர்ப்பதேயாகும்.