அழகு இஞ்சியின் கிழங்கை வேலிக்கு வெளியே வீசாதீர்!

பூஞ்செடி என்று ஆசையாக வைத்தது களையாகிப் போன கதை நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. உண்ணிச்செடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக நம் நாட்டுக்கு வந்தது. ஆகாயத்தாமரையும் அதன் ஊதாப் பூவுக்காக வந்ததுதான். முன்னது மேய்ச்சல் நிலத்தையும், பின்னது ஏரி வாய்க்கால்களையும் அடைத்துக்கொண்டு நிற்பதை நாம் அறிவோம். கொண்டுவந்தவர் யாரோ, வெட்டுக்கூலி கொடுப்பவர் நாம்.

இதே வகையில் சேர்ந்த இன்னொரு செடியைப் பற்றி மலைப்பகுதி விவசாயிகள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அதன் பெயர் காஹிலி இஞ்சி. ஹவாய்த் தீவு அரச குடும்பத்தாரின் இறகுக் கொடிக்கு 'காஹிலி' என்று பெயர். பூங்கொத்து அதைப் போல இருப்பதால் இந்தப் பெயர் வந்தது.

செடி பிறந்த இடம் நம் கிழக்கு இமயமலைச் சாரல். அங்கே இது மற்றச் செடிகளோடு அடங்கி வளர்கிறது. இதைத் தின்னும் பூச்சிகளும் அங்கே உண்டு. விஞ்ஞானிகள் சிக்கிமில் அந்தப் பூச்சிகளைத் தேடி ஆராய்ந்து வருகிறார்கள். பூவுக்கும் மணத்துக்கும் ஆசைப்பட்டுப் பிற நாட்டார் கிழங்கை மட்டும் எடுத்துச் சென்றார்கள்; பூச்சியை எடுத்துச் செல்லவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது. நியூசிலாந்து, ஹவாய், அசோர்ஸ், ரீயூனியன் ஆகிய தீவுகளின் காடுகளில் இது புகுந்துவிட்டது. நிழலிலும் செழித்து வளர்ந்து தரையை மூடிவிடுவதால், மரக்கன்றுகள் தலையெடுக்க முடிவதில்லை. நியூசிலாந்தில் இதை விற்பதும், பெருக்குவதும், பரப்புவதும் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட, கேடு விளைக்கும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் இருக்கின்றன. காஹிலி இஞ்சியும் அதே பட்டியலில் இருக்கிறது.

நம் மலைகளில் இது பெரும் தொல்லையாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தொல்லையாகும் முன்பே பேச வேண்டும் என்பதுதான் என் கருத்து. குளிரும் மழையும் நிழலும் சேர்ந்த இடமே இதற்குப் பிடித்த இடம். நம் மலை ஊர்களில் இவை மூன்றும் உண்டு. அழகு இஞ்சி வகைகளைப் பூந்தோட்டத்தில் வைக்கும் வழக்கமும் உண்டு.

அடையாளம் காண்பது எப்படி? செடி ஆள் உயரம் வளரும். இலை ஓர் அடிக்கு மேல் நீளம், நாலைந்து அங்குல அகலம் இருக்கும். தண்டின் இரு பக்கமும் மாறி மாறி அமைந்திருக்கும். பூவைப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். ஏலத்தின் பூங்கொத்து அடித்தூரிலிருந்து வரும். சமையல் இஞ்சியின் பூ தனிக் காம்பில் தரையிலிருந்து எழும்பும். காஹிலி இஞ்சியில் இலைத்தண்டின் உச்சியிலேயே ஓர் அடி நீளக் கதிர் நிற்கும். பூ எலுமிச்சை மஞ்சள். ஒவ்வொரு பூவிலிருந்தும் சிவந்த கேசரம் ஒன்று வெளியே நீண்டிருக்கும். காய் வெடித்தால் உள்ளே ஆரஞ்சு நிறம், அதில் சிவப்பு விதைகள். ஆனால் காட்டில் வளரும் இஞ்சி இனமெல்லாம் களை என்று எண்ணிவிடக் கூடாது. நம் மலைக்கே உரியவையும் இருக்கின்றன. பூவைப் பார்த்து உறுதி செய்யாமல் எதையும் பிடுங்க வேண்டாம்.

இது இரண்டு வழியில் பரவுகிறது. ஒரு கதிரில் நூறு விதை வரை பிடிக்கும். பறவைகள் தின்று தொலைவில் போடும். மற்றொன்று கிழங்கு. தோட்டத்தைத் துப்புரவு செய்பவர் மிஞ்சிய கிழங்கை வேலிக்கு வெளியே, ஓடைக்கரையில் வீசிவிடுகிறார். சிறு துண்டு போதும், வேர் பிடித்துக்கொள்ளும். வெள்ளம் அதைக் கீழே உள்ளவர் நிலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

"கிழங்கு மண்ணைப் பிடித்துக்கொள்ளுமே, கரைக்கு நல்லதுதானே" என்று சிலர் கேட்கலாம். அது தவறான எண்ணம். கிழங்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக மெத்தைபோல் படிகின்றன. வேரோ ஆழம் போவதில்லை. பெருமழையில் நீரைக் குடித்துக் கனத்து, செங்குத்தான சரிவில் மண்ணோடு சேர்ந்து சரிந்துவிடும். நிலச்சரிவின் துயரம் அறிந்த மலைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கட்டுப்படுத்தும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில், விதை பிடிக்கும் முன் பூக்கதிர்களை வெட்டிவிடுங்கள். பிறகு மண் ஈரமாக இருக்கும்போது கிழங்கை ஒரு துண்டும் விடாமல் தோண்டி எடுங்கள். தழையும் தண்டும் அங்கேயே மக்கட்டும். கிழங்கை மட்டும் எருக்குழியில் போடக் கூடாது; அங்கேயே முளைத்துவிடும். மண் படாமல் பாறைமேல் அல்லது பரண்மேல் போட்டு நன்கு உலர்த்தி, காட்டோரம் அல்லாத பாதுகாப்பான இடத்தில் எரித்துவிடலாம். எடுத்த இடத்தைச் சில மாதங்களுக்கு ஒரு முறை பார்த்து, புதிதாக முளைப்பதையும் நீக்குங்கள். நியூசிலாந்தில் வெட்டிய கிழங்கின் மேல் களைக்கொல்லி தடவுகிறார்கள். நம் ஏலமும் இஞ்சியும் மஞ்சளும் இதே குடும்பப் பயிர்கள் என்பதை மறக்க வேண்டாம். வேளாண்மை அலுவலரைக் கேட்காமல் மருந்தில் கை வைக்காதீர்கள். சிறு விவசாயிக்கு மண்வெட்டியே போதும்.

தமிழக அரசு 2022இல் அயல் களைத் தாவரங்களை ஒழிக்க ஒரு கொள்கை வகுத்தது. அழகுக்கும் நிழலுக்கும் கொண்டுவந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரங்கள் முதுமலைக் காட்டில் பரவி, அவற்றை அகற்றும் வேலையும் நடக்கிறது. வரவேற்க வேண்டியதே. ஆனால் பரவிய பின் அகற்றுவது அரசாங்கச் செலவு. பரவாமல் தடுப்பது நம் கையில் உள்ள காரியம். நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர் விற்கும் செடியின் குணத்தையும் சொல்லி விற்க வேண்டும். வாங்குபவரும், "இது வேலி தாண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்க வேண்டும்.

நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டும் நிலைக்கு விடக் கூடாது என்பார்கள் பெரியோர். உண்ணிச்செடியில் நாம் அந்த நாளைத் தவறவிட்டோம். இந்த இஞ்சியில் தவறவிட வேண்டாம். மலையில் மேலே இருப்பவர் வீசும் ஒரு கிழங்கு, கீழே இருப்பவருக்குப் பல வருட வேலை.